டெல்டா மழைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்தில் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பேச்சுதான்: உங்கள் ஊரில் எவ்வளவு, எங்கள் ஊரில் எவ்வளவு, போன வருஷம் எப்படி, அந்தக் காலத்தில் எப்படி. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆண்டு மொத்த மழை என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு டெல்டாவில் எதையும் தீர்மானிக்க முடியாது, எந்த நாளில் எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கொட்டித் தீர்த்தது, செய்தியில் 2 செ.மீ. என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். செய்தியில் வருவது மழைமானி இருக்கும் இடத்தின் அளவு மட்டும். நன்னிலம், குடவாசல், வலங்கைமான், மணல்மேடு, தலைஞாயிறு, திருப்பூண்டி, மதுக்கூர், பூதலூர், கல்லணை, அணைக்கரை என்று மானி இருக்கும் ஊர்களின் பெயர்தான் தினமும் பட்டியலில் வரும், இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான கிராமங்களில் மானி கிடையாது. கோடையிலும் ஆவணி, புரட்டாசியிலும் வரும் இடிமழை சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகத்திலிருந்து விழுவது. நீடாமங்கலத்தில் ரோடு நனைந்து ஓடும், மன்னார்குடியில் தூசி பறக்கும், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கார்த்திகையில் கடலில் தாழ்வு நிலை உருவாகி வரும் மழை அப்படியல்ல, அகலமாகப் பரவிப் பெய்யும். அந்த நாட்களில் பக்கத்து ஊர் அளவை உங்கள் ஊருக்கு ஓரளவு நம்பி எடுத்துக்கொள்ளலாம், கோடையில் எடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம் நேரத்தில் வருகிறது. மழைக் கணக்கின் நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை. செவ்வாய் ராத்திரி பெய்த மழை புதன்கிழமைப் பட்டியலில்தான் ஏறும், அதனால் செவ்வாய்க்கிழமை பேப்பரில் அதைத் தேடிவிட்டு "மறைக்கிறார்கள்" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

செ.மீ., மி.மீ. என்றால் வயலுக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்குச் சுமார் 4,047 சதுர மீட்டர், ஆகவே 1 செ.மீ. மழை ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்ததே, அப்போது ஒவ்வொரு ஏக்கரிலும் கிட்டத்தட்ட 17.8 லட்சம் லிட்டர் விழுந்தது. பயிர் ஏன் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

அணைக் கணக்கில் வரும் டி.எம்.சி.யோடு (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். பத்து லட்சம் ஏக்கர் பரப்பில் 1 செ.மீ. மழை சீராகப் பெய்தால் அது சுமார் 1.4 டி.எம்.சி. ஒரு நல்ல அடைமழை வாரத்தில் 10 செ.மீ. பரவலாக வந்தால் 14 டி.எம்.சி. நம் தலைமேலேயே இறங்கிவிட்டது என்று பொருள். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். நதிநீர் வழக்கில் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் எவ்வளவு இழுபறி நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வானத்திலிருந்து விழும் டி.எம்.சி.யைத் தேக்கி வைக்க ஏரி குளத்தைத் தூர்வாரச் சொன்னால்தான் ஒருவரும் காது கொடுப்பதில்லை. சரி, அது வேறு கதை.

டெல்டா முழுவதும் ஒரே மழைதானே?

இல்லவே இல்லை. திருச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவில்தான் பெய்யும், கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் 1,300 மி.மீ.யைத் தாண்டும். இடையில் தஞ்சாவூர், திருவாரூர் படிப்படியாக ஏறும். அளவு மட்டுமல்ல, வரும் காலமும் மாறுகிறது. மேற்கே போகப் போக ஆவணி, புரட்டாசி இடிமழையின் பங்கு கூடும், கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுவதுதான் ஆண்டு மழையின் பெரும்பகுதி.

வடக்கு, தெற்கு வித்தியாசமும் உண்டு. தாழ்வு மண்டலம் புதுச்சேரி, கடலூர் பக்கம் நகர்ந்தால் சீர்காழி, கொள்ளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இலங்கையை ஒட்டியோ மன்னார் வளைகுடாவிலோ சுற்றினால் வேதாரண்யம், கோடியக்கரை, அதிராம்பட்டினம், பேராவூரணி பக்கம் கொட்டும். அதனால் பூதலூரையும் கோடியக்கரையையும் பக்கத்தில் வைத்து "உங்களுக்கு அதிகம், எங்களுக்குக் குறைவு" என்று பேசுவதில் பொருளில்லை. பூதலூரைப் பூதலூரின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள், அதுதான் ஒப்பீடு.

"இயல்பை விட 20 சதவீதம் அதிகம்" என்றால் என்ன?

பல ஆண்டுகளின் சராசரியை இயல்பு என்கிறார்கள், இப்போது வானிலைத் துறை 1971 முதல் 2020 வரையான ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் "இயல்பு" என்றே எழுதுவார்கள். 20 முதல் 59 வரை கூடினால் அதிகம், 60க்கு மேல் மிக அதிகம். குறைந்தாலும் இதே வரிசைதான்.

இது மாவட்டச் சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு மாவட்டத்தில் மூன்று மானியில் வெள்ளம், ஐந்து மானியில் தூறல் என்றாலும் கணக்கு "இயல்பு" என்று வரும். நாளைப் பொறுத்தும் இதே தந்திரம் உண்டு: நாற்பது நாள் சீராகப் பெய்த 60 செ.மீ.யும், இரண்டு ராத்திரியில் கொட்டிய 60 செ.மீ.யும் பட்டியலில் ஒரே எண். முதலாவதில் சம்பா நெல் விளையும், இரண்டாவதில் நாற்று அழுகும்.

பருவமழை தள்ளிப் போகிறதா? பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி. 2018ல் நவம்பர் 1 அன்று தொடங்கியது, 2020ல் அக்டோபர் 28, 2022ல் அக்டோபர் 29. இதோடு நிறுத்தினால் தள்ளித்தான் போகிறது என்று தோன்றும். ஆனால் 2024ல் அக்டோபர் 15 அன்றே தொடங்கிவிட்டது, 2025ல் அக்டோபர் 16. ஆக, தொடக்கம் ஒரே திசையில் நகர்கிறது என்று இந்தத் தேதிகளை வைத்துச் சொல்ல முடியாது, முன்னும் பின்னும் ஆடுகிறது.

மக்கள் மனதில் பதிந்திருப்பது தொடக்கத்தை விட முடிவு என்று நினைக்கிறேன். "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் 2021 ஜனவரியைப் பாருங்கள்: வழக்கமாக ஒன்றரை செ.மீ. கூடத் தேறாத அந்த மாதத்தில் மாநிலச் சராசரியே 13 செ.மீ.யைத் தாண்டியது, அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை, 2024 ஜனவரி முதல் வாரத்திலும் கடலோரத்தில் கனமழை. அரசுக் கணக்கில் வடகிழக்குப் பருவம் டிசம்பர் 31 அன்று முடிகிறது, ஜனவரியில் பெய்தால் அது "குளிர்கால மழை" என்று வேறு கட்டத்தில் ஏறும். அதனால் "இந்த ஆண்டு வடகிழக்கு இயல்பு" என்று அறிக்கை வந்த அதே பருவத்தில் விவசாயி முழு விளைச்சலையும் இழந்திருக்க முடியும்.

ஒன்றை யாரும் பேசுவதில்லை. மழை மட்டும் நகரவில்லை, நாமும் நகர்ந்தோம். மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2012ல் செப்டம்பர் 17, 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2. தண்ணீர் அக்டோபரில் வந்தால் நடவு எப்போது, அறுவடை எப்போது? நீண்டகால ரகம் போட்டவர்களுக்கு மாசி வரை இழுத்துவிட்டது. முன்பு தையில் மழை பெய்தால் பெரும்பாலான நெல் களத்தில் இருக்கும், தாமதமான ஆண்டில் அதே மழை வயலில் நிற்கும் பயிரின் மேல் விழுகிறது. சம்பாவுக்கு முந்தைய குறுவைப் போகத்திலும் இதே சிக்கல், சற்று பிந்தினால் அறுவடையும் வடகிழக்கின் முதல் மழையும் ஒன்றாக வந்து, ஈர நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும். 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு என்பதால் காயவைக்கத் தார் ரோட்டைத் தேட வேண்டியதுதான். ஆகவே "பருவம் மாறிவிட்டது" என்று சொல்வதற்கு முன் மழைத் தேதியோடு உங்கள் நடவுத் தேதியையும் எழுதிப் பாருங்கள். எவ்வளவு பங்கு வானத்துடையது, எவ்வளவு பங்கு ஆற்றுடையது என்பது அப்போது பிரிந்து தெரியும்.

மொத்தத்தில் மழை குறைகிறதா, கூடுகிறதா?

வடகிழக்கு எப்போதுமே ஊசலாடும் பருவம். நாடு தழுவிய தென்மேற்குப் பருவமழை பெரும்பாலான ஆண்டுகளில் சராசரிக்குப் பத்து சதவீதம் மேலே கீழே நிற்கும். நம்முடையது 2015ல் இயல்பை விட 50 சதவீதத்துக்கு மேல் கூடி, மறு ஆண்டே 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இவ்வளவு குதிக்கும் எண்களில் பத்து ஆண்டுப் போக்கைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

ஒரே நாளில் கொட்டும் அளவு வேறு விஷயம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், வங்கக் கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது, ஆகவே பெய்யும்போது பலமாகப் பெய்ய வாய்ப்பு கூடுவது இயற்பியல். அதற்காக அதீத மழை எல்லாம் புதிது என்று எண்ண வேண்டாம். 2008 நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் பதிவானது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 52 புயல், 77 புயல் என்றுதான் இன்னும் வயதையே கணக்கிடுவார்கள்.

எல் நினோ வந்தால் நமக்கு மழை இல்லை என்கிறார்களே?

வட இந்தியச் செய்தியை அப்படியே மொழிபெயர்ப்பதால் வரும் வம்பு. எல் நினோ என்பது பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாவது, லா நினா அதற்கு எதிர். எல் நினோ தென்மேற்குப் பருவத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வடகிழக்குக்குப் பெரும்பாலும் கை கொடுக்கும். 2015 பலத்த எல் நினோ ஆண்டு, அந்தப் பருவத்தில் எவ்வளவு பெய்தது என்று மேலே சொன்னேன். லா நினா வந்தால் வடகிழக்கு குறையலாம் என்பார்கள், ஆனால் 2021ல் லா நினா இருந்தும் வெளுத்து வாங்கியது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் எவ்வளவு சூடு என்பதும் சேர்ந்துதான் முடிவு வருகிறது.

டெல்டாவுக்கு இதில் இரட்டை வேடம். மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழை. எல் நினோ அங்கே கையை வைத்தால் இங்கே ஆறு காயும். 2023ல் ஜூன் 12 அன்று முறைப்படி திறந்தார்கள், நீர்வரத்து இல்லாமல் அக்டோபர் 10 அன்றே மூடினார்கள், வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டியது. கர்நாடகத்தில் மழை பொய்த்து ஆறு காய்ந்த அதே ஆண்டில் டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆகவே எல் நினோ என்று கேட்டால் நீங்கள் கேட்க வேண்டியது, எந்த மழைக்கு என்பதைத்தான்.

மேட்டூரில் தண்ணீர் இருந்தால் உள்ளூர் மழை எதற்கு?

ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒருநாள் இருந்து பாருங்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் முறை வைத்து விடும் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்றுக்கு வயது முற்றிவிடும். அதனால்தான் அங்கே ஆவணியிலேயே புழுதியில் நேரடி விதைப்பு செய்துவிட்டு, புரட்டாசி மழையில் முளைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அணை 2022ல் மே 24 அன்றே திறந்தது, 2024ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. இப்படி ஆடும்போது விதை முளைக்கத் தேவையான அந்த இரண்டு மூன்று மழைதான் பிழைக்க வைக்கும்.

புயல் வந்தால்தான் நல்ல மழையா?

புயல் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி விறுவிறுவென்று மேற்கே போய்விட்டது. அது அழித்தது காற்றால், தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. 2020ல் நிவர் டெல்டாவுக்குத்தான் என்று எல்லோரும் கயிறு கட்டிக் காத்திருக்க, அது வடக்கே மரக்காணம் பக்கம் போனது. அடுத்த வாரம் வந்த புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் அசையாமல் நின்றது, நின்ற இடத்திலிருந்தே கொள்ளிடத்தில் ஒரு நாளில் 36 செ.மீ. கொட்டியது. 2022 சீர்காழி மழைக்குப் பெயர் வைத்த புயலே கிடையாது, வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. "புயல் இல்லையாம், பயமில்லை" என்று பம்ப்செட்டை வயலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதை இனி நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பு இதே மழைக்குத் தேங்கவில்லை, இப்போது தேங்குகிறதே?

மழைக் கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது, வடிகாலில் கிடைக்கும். டெல்டாவின் கிழக்குப் பாதி ஏறக்குறைய தட்டை. வெள்ளையாறு, அடப்பாறு, முள்ளியாறு, கோரையாறு எல்லாம் கடலை நெருங்க நெருங்க சரிவில்லாமல் ஊர்ந்துதான் போகும், கடலில் ஓதம் ஏறியிருந்தால் அதுவும் நின்றுவிடும். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்து, அதன் மேல் ஒரு ஆள் நடந்து போகலாம் போல் இருந்தால் 10 செ.மீ. மழைக்கே வயல் ஏரியாகும். தூர்வாரிய ஆண்டையும் வாராத ஆண்டையும் குறித்து வைத்து, தேங்கிய நாட்களோடு பொருத்திப் பாருங்கள்.

பஞ்சாங்கமும் கர்ப்போட்டமும் பலிக்குமா?

"பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி" என்பது பகல் வெயிலையும் ராத்திரி இடிமழையையும் பார்த்துச் சொன்னது, இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கர்ப்போட்டம் என்று மார்கழி மேகத்தைப் பார்த்து, வரும் ஆண்டு மழையைச் சொல்வது வேறு. அதற்கு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்னை மறுக்கவும் ஒரு வழி உண்டு: இந்த மார்கழியில் சொன்னதை நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த ஐப்பசியில் எடுத்துப் பாருங்கள். சரியாக வந்தவை மட்டும் நினைவில் நிற்பதால்தான் இவ்வளவு காலம் ஓடுகிறது.

போனில் வரும் மழை அளவை நம்பலாமா?

பல செயலிகள் காட்டுவது அளந்த மழை அல்ல, கணினி மாதிரி போட்ட மதிப்பீடு. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடார் படம் இதைவிட உதவும்.

வீட்டிலேயே மழை அளக்க என்ன வேண்டும்?

மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள ஏதாவது ஒரு பாத்திரம், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. அகலம் மாறாவிட்டால் உள்ளே நிற்கும் உயரமே மழையளவு. வாளி வேண்டாம், அது மேலே விரிந்திருக்கும், கணக்கு கெடும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மாடியில் வைத்தால் காற்று சுழன்று அளவைக் குறைத்துவிடும், தரையே நல்லது. காலை 8.30க்கு அளந்து, கொட்டிவிட்டு வைத்தால் உங்கள் எண்ணை அரசுப் பட்டியலோடு நேராக ஒப்பிடலாம். மழையில்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதுங்கள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு பார்த்தால் அன்று பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்றே தெரியாது. 2.5 மி.மீ. வந்தால்தான் "மழை நாள்" என்று வானிலைத் துறை எண்ணும், நீங்களும் அதே கோட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை ஆங்கில மாதமாகவும் தமிழ் மாதமாகவும் கூட்டி வையுங்கள். ஒப்பிடும்போது மொத்தம், மழை நாட்கள், மிகப் பெரிய ஒரு நாள், இரண்டு மழைகளுக்கு நடுவே மிக நீண்ட வறண்ட இடைவெளி ஆகிய நான்கையும் பாருங்கள். நாலாவது எண்தான் பயிருக்குப் பேசும் எண்.

நான் எழுதிய மழைக் கணக்கைக் காட்டி இழப்பீடு கேட்கலாமா?

நேரடியாக முடியாது. பயிர்க் காப்பீட்டில் வருவாய் கிராமத்தை அலகாக வைத்து, பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த விளைச்சலைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானதா என்று வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் வந்து கணக்கெடுப்பார்கள். ஆனால் அதிகாரி வருவதற்குள் தண்ணீர் வடிந்து, பயிர் பச்சையாகத் தெரிகிறது என்று திரும்பிப் போவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அப்போது எந்தத் தேதியில் எவ்வளவு பெய்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்ற குறிப்பும் தேதியோடு எடுத்த போட்டோவும் கையில் இருந்தால் பேச்சுக்கு வலு வரும். சர்வே எண் தெரியும்படி எடுங்கள், வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் வயல் என்று கேட்பார்கள்.